ஐந்து வயது முடியும்வரை

இப்போதெல்லாம் குடும்ப நீதிமன்றத்தில் குழந்தைகளுக்கென்று தனி அறை இருக்கிறதாம். போன வாரம் என் மகள் தொலைபேசியில் சொன்னாள். அவளுடைய தோழி ஒருத்தியின் வழக்கு சென்னையில் நடக்கிறது. அந்த அறையில் பொம்மைகள், கலர் பென்சில்கள், மெதுவாகப் பேசுகிற ஒரு அம்மா எல்லாம் உண்டாம். கேட்டுக்கொண்டிருந்த எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. அறுபத்தைந்தைத் தாண்டியும் கோர்ட் என்ற சொல் என்னிடம் செய்கிற வேலை இதுதான்.

என் வயதுக்காரர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். போர்ட் பிளேருக்கு எதிர்க்கரையில், பாம்பூஃப்ளாட்டில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்களே, ஒரு மழைக்காலம் முழுக்க நான் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை, ஞாபகம் இருக்கிறதா? மெயின்லேண்டுக்குப் போயிருப்பதாக உங்களிடம் சொல்லியிருப்பார்கள். நான் போகவில்லை. இதே தீவுகளில்தான் இருந்தேன், வேறொரு பெயரில்.

அப்பா சாத்தம் மர மில்லில் ஃபிட்டர். தினமும் காலையில் ஃபெரியில் கடலைத் தாண்டி வேலைக்குப் போவார். அம்மா நர்ஸ். அவளுடைய ஆஸ்பத்திரியும் அக்கரையில்தான். அப்பாவின் சட்டையில் படாக் மரத்தூள் வாடை, அம்மாவின் சேலையில் டெட்டால் வாடை. எங்கள் வீட்டுக் கொடியில் இரண்டும் கலந்து காயும். எனக்கு ஒன்பது வயது. தம்பிக்கு ஐந்து ஆகவில்லை.

அம்மாவின் நைட் டூட்டியைப் பற்றி அப்பாவிடம் யாரோ என்னவோ சொல்லியிருக்கிறார்கள். என்ன சொன்னார்கள் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. அப்பா சத்தம் போடுகிறவர் அல்ல, அடிக்கிறவரும் அல்ல. பேசாமல் இருப்பார். அந்தப் பேசாமை நாளாக நாளாக வீட்டுக்குள் இறுகிக்கொண்டே வந்தது. சாப்பாட்டுத் தட்டைக் கீழே வைக்கும் சத்தத்துக்குக்கூட நானும் தம்பியும் நிமிர்ந்து பார்ப்போம்.

ஒரு நாள் காலை அம்மா டூட்டி முடிந்து வரும்போது கதவு உள்ளே பூட்டியிருந்தது. சாவி அப்பாவின் சட்டைப் பையில். அம்மா கதவைத் தட்டினாள்.

"கண்ணு, கதவைத் திற. அம்மா நனைஞ்சுபோய் நிக்கிறேன்."

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி கதவில் வாயை வைத்து, "அம்மா, சாவி அப்பாட்ட இருக்கு" என்றான். கொஞ்ச நேரம் கழித்துத் தட்டுவது நின்றது. ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்தேன். அம்மா குடையைப் பிடித்துக்கொண்டு படகு ஜெட்டியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள். பக்கத்து வீடுகளில் எல்லோரும் வாசலில் நின்று பார்த்தார்கள். ஒருவரும் அவளைக் கூப்பிடவில்லை.

அதன் பிறகு அம்மா போர்ட் பிளேரில் நர்ஸ் குவார்ட்டர்ஸில் இருந்தாள். அப்பா விவாகரத்துக்கு மனு போட்டார். பிள்ளைகள் தன்னிடம் வரவேண்டும் என்று அம்மா கேட்டாள். எங்கள் காலத்தில் குடும்பத்துக்கென்று தனிக் கோர்ட் ஏது? திருடனும் கத்தியால் குத்தியவனும் நின்ற அதே கோர்ட்தான்.

ஒரு நாள் ஃபெரியில் அப்பாவும் வக்கீல் குமாஸ்தாவும் பேசிக்கொண்டு வந்தார்கள். நான் தம்பியை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தேன். குழந்தைகளுக்குக் காது இல்லை என்று பெரியவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

"பொண்ணை விடுங்க, பையனுக்கு எப்ப அஞ்சு முடியுது?"

"ஆவணியில."

"அதுவரைக்கும் கோர்ட் கண்ணுல படாம பாத்துக்கங்க. அஞ்சு வயசுக்குள்ள இருந்தா தாய்கிட்டதான் கொடுப்பாங்க. தாண்டிடுச்சுன்னா நம்ம கை ஓங்கும்."

சட்டம் அப்படிப் பொட்டலம் கட்டி வைத்தது போல இல்லை என்று பின்னாளில் ஒரு வக்கீல் எனக்கு விளக்கினார். ஐந்து வயதுக்கு ஒரு நாள் முன்பும் ஒரு நாள் பின்பும் ஜட்ஜ் பார்க்க வேண்டியது குழந்தையின் நலனைத்தானாம். ஆனால் அப்பாவுக்கு அதைச் சொல்ல அன்று யாரும் இல்லை. குமாஸ்தாவின் அந்த ஒரு வாக்கியத்தை அவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த வாரமே வடக்குக் கோடியில் இருக்கும் திக்லிபூருக்குப் போகும் கப்பலில் எங்களை ஏற்றினார். சுற்றுலா மாதிரி என்று தம்பிக்குச் சந்தோஷம். டெக்கில் ஓடி விளையாடியதில் அவனுடைய மஞ்சள் பிளாஸ்டிக் செருப்பில் ஒன்று கடலில் விழுந்தது. மற்றதை அவன் கடைசி வரை கழற்றவே இல்லை. ஒற்றைச் செருப்போடுதான் இறங்கினான்.

அங்கே அப்பாவின் நண்பர் ஒருவர் இருந்தார். முன்பு மில்லில் கூட வேலை பார்த்தவர், கிழக்கு வங்காளத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். காகா என்றோம், அவர்கள் பேச்சில் சித்தப்பா. அவர் மனைவி காகிமா. வயலுக்கு நடுவே தகரக் கூரை வீடு, சுற்றிலும் பாக்குக் கன்றுகள், பின்னால் காடு. மழை தகரத்தில் விழும்போது ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது.

அப்பா கிளம்புமுன் என்னை மட்டும் பாக்குக் கன்றுகளுக்கு நடுவே கூட்டிக்கொண்டு போனார்.

"இங்க உன் பேர் மீனு. தம்பி பாபு. யார் கேட்டாலும் அதான் சொல்லணும். காகாவோட சொந்தக்காரப் பிள்ளைங்க நீங்க."

"ஏம்ப்பா?"

"நிஜப் பேரைச் சொன்னா போலீஸ் அப்பாவைக் கொண்டுபோய் ஜெயில்ல போட்டுடும். அப்புறம் அப்பா வரவே மாட்டேன்."

ஜெயில் என்றால் என்னவென்று நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. போர்ட் பிளேரில் எங்கே நின்றாலும் அந்தச் சுவர் கண்ணில் படும். அப்பாவை அதற்குள்ளே நினைத்துப் பார்த்தேன். என் வாயிலிருந்து வரும் ஒரு சொல்லில் அது இருக்கிறது என்று புரிந்தபோது, பேசவே பயமாகிவிட்டது. அன்றிலிருந்து யாராவது என்னைக் கூப்பிட்டால் உடனே பதில் சொல்ல மாட்டேன். சரியான பெயரில் கூப்பிடுகிறார்களா என்று முதலில் யோசிப்பேன்.

காகிமா நல்லவள். எனக்குத் தலை பின்னிவிடுவாள். மீனில் முள் எடுத்துத் தம்பிக்கு ஊட்டுவாள். அவளோடு இந்தியில்தான் பேசினோம். அந்தப் பரிவுதான் என்னை முதலில் பயமுறுத்தியது. பக்கத்து வயல்காரி ஒருத்தி எங்களைக் காட்டி யார் என்று கேட்டாள். காகிமா குரலைத் தாழ்த்தி, "பாவம், இன் கீ மா நஹீ ரஹீ" என்றாள்.

இவர்களுடைய தாய் உயிரோடு இல்லை. எனக்கு அந்த அளவு இந்தி நன்றாகவே தெரியும்.

வயலில் தேங்கிய தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அம்மா எப்போது செத்தாள்? நாங்கள் கப்பலில் வரும்போதா? அதனால்தான் அப்பா எங்களை இங்கே கொண்டுவந்து விட்டாரா? கேட்டால் பேச்சு வளரும், பேச்சு வளர்ந்தால் நிஜப் பெயர் வெளியே வரும், அப்பா ஜெயிலுக்குப் போவார். அம்மா இல்லை, அப்பாவும் இல்லை என்றால் தம்பிக்கு யார்? கேட்காமலே இருந்தேன். அப்படி எத்தனை வாரம் இருந்தேன் என்று தெரியாது. தம்பி, "அம்மா எப்ப வரும்?" என்று கேட்கும்போதெல்லாம் ஏதாவது வேலை இருப்பதுபோல எழுந்து போய்விடுவேன்.

காக்கி உடை கண்டால் ஒளிய வேண்டும் என்று நானாகவே ஒரு விதி வைத்துக்கொண்டேன். தபால்காரர் காக்கி, காட்டிலாகா கார்டும் காக்கி. ஒரு நாள் மத்தியானம் கார்டு ஒருவர் வாசலில் வந்து தண்ணீர் கேட்டார். நான் தம்பியை இழுத்துக்கொண்டு வாழைப் புதருக்குள் நுழைந்தேன். ஈரத் தரையெல்லாம் அட்டை. தம்பியின் காலில் ஒன்று ஏறிக் கடித்துத் தொங்கியது. அவன் அழ வாயைத் திறந்தான். நான் கையால் பொத்தினேன். அவன் கண் என்னையே பார்த்தது. கார்டு நிதானமாகத் தண்ணீர் குடித்து, காகிமாவிடம் மழையைப் பற்றி விசாரித்து, பீடி ஒன்று பற்றவைத்துக்கொண்டு போகும்வரை அப்படியே இருந்தோம். வெளியே வந்தபோது அவன் கால் முழுக்க ரத்தம். காகிமா உப்பு வைத்து அட்டையை எடுத்துவிட்டு, "எதுக்கு உள்ளே போனீங்க?" என்று கேட்டாள். "விளையாட்டு" என்றேன்.

அந்த ஆவணியிலேயே தம்பிக்குக் காய்ச்சல் கண்டது. முதலில் சளி என்று விட்டுவிட்டோம். மூன்றாம் நாள் மூச்சு விடும்போது விலா உள்ளே இழுத்தது. காகா அப்போது மாயாபந்தருக்குப் போயிருந்தார். காகிமா தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு வரப்பில் நடந்தாள். நான் பின்னால் குடையைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். முழங்கால் வரை சேறு. தம்பியின் தலை அவள் தோளில் இப்படியும் அப்படியும் ஆடியது. அதைப் பார்க்காமல் இருக்க அவள் குதிகாலையே பார்த்துக்கொண்டு போனேன்.

டிஸ்பென்சரியில் ஒரு மலையாள சிஸ்டர் இருந்தார். தம்பியின் நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டார். நிமோனியா, உடனே ஊசி போட வேண்டும் என்றார். பெயர் கேட்டார். "பாபு" என்றாள் காகிமா. சிஸ்டர் கொதிக்கிற தண்ணீரிலிருந்து சிரிஞ்சை எடுத்தார். சின்னக் குப்பியின் ரப்பர் மூடியில் ஊசியைக் குத்தினார்.

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. முந்தின வருஷம் பாம்பூஃப்ளாட்டில் தம்பிக்கு ஏதோ ஊசி போட்டார்கள். போட்ட கொஞ்ச நேரத்தில் அவன் முகம் வீங்கி, உதடு நீலமாகிவிட்டது. அம்மா அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அப்புறம் வீட்டுக்கு வந்து, "இந்த ஊசி இனிமே இவனுக்குப் போடவே கூடாது" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். என்ன ஊசி? பெயர் சொல்லியிருப்பாள். எனக்குத்தான் தெரியவில்லை.

"போடாதீங்க" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. சிஸ்டர் பஞ்சால் தம்பியின் தொடையைத் துடைத்தார். நான் அவர் கையைப் பிடித்துவிட்டேன்.

"சோடோ பேட்டி", கையை விடு என்று அதட்டினார்.

"ஒரு ஊசி இவனுக்கு ஆகாது. முகம் வீங்கிடும்."

பதற்றத்தில் தமிழில் சொல்லிவிட்டேன். காகிமா என்னைத் திரும்பிப் பார்த்தாள். சிஸ்டரும் பார்த்தார். பிறகு தமிழும் மலையாளமுமாகக் கேட்டார்.

"ஏது ஊசி மோளே?"

"தெரியாது. எங்க அம்மாவுக்குத் தெரியும்."

"அம்மா எவிடே?"

காகிமா குறுக்கே வந்து, தாய் இறந்துவிட்டாள் என்று இந்தியில் சொன்னாள். சிஸ்டர் ஊசியை உயர்த்திப் பிடித்தபடி நின்றார். தம்பியின் மூச்சு விசில் மாதிரி கேட்டது. எனக்குப் பாவாடையிலேயே மூத்திரம் போய்விட்டது. ஒரு பக்கம் ஜெயில், ஒரு பக்கம் அந்த ஊசி. நடுவில் அம்மா, இருக்கிறாளா இல்லையா என்றே தெரியாமல்.

"எங்க அம்மா நர்ஸ்" என்றேன். "போர்ட் பிளேர்ல." பிறகு அம்மாவின் பெயரைச் சொன்னேன். அப்பாவின் பெயர், தம்பியின் நிஜப் பெயர், என் பெயர், எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடித்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

சிஸ்டர் அந்த ஊசியைத் தட்டில் வைத்தார். வேறு ஏதோ மாத்திரையைப் பொடி செய்து தம்பிக்குக் கொடுத்தார். ஒரு சீட்டில் எழுதி, கம்பவுண்டரிடம் கொடுத்துப் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடச் சொன்னார். தீவு விட்டுத் தீவுக்குச் சேதி போக அப்போது போலீஸ் வயர்லெஸ் ஒன்றுதான் உடனடி வழி. போலீஸ் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குக் கண் இருட்டியது.

காகிமா பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள். "உங்கப்பா என்கிட்ட ஏன் அப்படிச் சொன்னார்? உயிரோட இருக்கிறவளை?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். உயிரோட இருக்கிறாளா என்று நான் திருப்பிக் கேட்கவில்லை. பதில் வரட்டும் என்று காத்திருந்தேன்.

சாயங்காலம் காக்கி உடுத்திய ஒரு போலீஸ் ஜமேதார் நனைந்த குடையோடு உள்ளே வந்தார். நான் ஒளியவில்லை. ஒளிய இடமும் இல்லை. அவர் கையில் ஒரு காகிதம். சிஸ்டர் வாசித்துவிட்டு என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

"பென்சிலின் பாடில்லா என்னு அம்மா சொல்லியிட்டுண்டு. நாளைக் கப்பல்ல அம்மா வரும்."

பென்சிலின் கூடாது என்று அம்மா சொல்லியிருக்கிறாள். அப்படியென்றால் அம்மா இருக்கிறாள். அந்தக் காய்ச்சல் வாடையடிக்கும் அறையில் நின்று நான் சத்தமாக அழுதேன். சிஸ்டர் தட்டில் வைத்திருந்த குப்பி பென்சிலின்தான்.

அம்மா வந்தாள். வந்தவள் முதலில் தம்பியின் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டாள். பிறகு என்னைப் பிடித்துத் தன் வயிற்றோடு அழுத்திக்கொண்டாள். தம்பி தேறினான். அந்தக் காய்ச்சலுக்குள்ளேயே அவனுக்கு ஐந்து வயது முடிந்திருந்தது. ஒருவருக்கும் அது ஞாபகம் இல்லை.

போர்ட் பிளேருக்குத் திரும்பி, நர்ஸ் குவார்ட்டர்ஸில் இருந்தோம். பிள்ளைகள் மெயின்லேண்டில் இருப்பதாக அப்பா கோர்ட்டில் சொல்லியிருந்தார், அது பொய் என்று இப்போது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. பெரியவர்கள் பேசிக்கொண்டதிலிருந்து பொறுக்கிக்கொண்டேன். "அப்பா எங்கம்மா?" என்று கேட்டேன். "அதெல்லாம் உனக்கு எதுக்கு? சாப்பிடு" என்றாள் அம்மா. என்னைக் காப்பாற்றுவதாக நினைத்தாள். நானோ ஆஸ்பத்திரிப் பக்கம் போகும்போதெல்லாம் ஜெயில் சுவரை அண்ணாந்து பார்ப்பேன். எந்த ஜன்னலிலாவது யாராவது அசைகிறார்களா என்று தேடுவேன். என் ஒரு வார்த்தையால் அப்பா அதற்குள்ளே இருக்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கோர்ட்டுக்குப் போன நாளில் அப்பா வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். சவரம் செய்யாத முகம். ஒரு கணம் உயிர் வந்தது. மறுகணமே, இன்றைக்குத்தான் பிடித்துப் போகப் போகிறார்கள், அதற்காகத்தான் வரச்சொல்லியிருக்கிறார்கள் என்று தோன்றியது. அம்மா ஒரு கோடியில், அப்பா ஒரு கோடியில். தம்பி நடுவில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தான்.

ஜட்ஜ் எங்களைத் தன் அறைக்கு அழைத்தார். வங்காளி, வயதானவர், கறுப்புக் கோட்டு. மேஜையில் பிஸ்கட் தட்டு இருந்தது. நாங்கள் தொடவில்லை. முதலில் தம்பியிடம் இந்தியில் பெயரைக் கேட்டார்.

தம்பி என் பக்கம் திரும்பினான். "எந்தப் பேரைச் சொல்லணும் அக்கா?"

ஜட்ஜுக்குத் தமிழ் தெரியாது. என்ன சொன்னான் என்று என்னைக் கேட்டார். நான் இந்தியில் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"யாரிடம் இருக்க ஆசை, அப்பாவிடமா, அம்மாவிடமா?" என்று பிறகு என்னைக் கேட்டார். ஒரு குழந்தையிடம் கேட்கக்கூடிய கேள்வியா அது என்று இன்றும் எனக்குத் தோன்றும். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் வேறு வழி தெரியவில்லை.

"அப்பாவை ஜெயிலில் போடுவீர்களா?" என்று கேட்டேன்.

"யார் சொன்னது?"

"அப்பாதான். நிஜப் பெயரைச் சொன்னால் ஜெயில் என்றார். நான் சொல்லிவிட்டேன்."

ஜட்ஜ் மணியை அடித்தார். பியூன் வந்ததும் அப்பாவைக் கூட்டிவரச் சொன்னார். நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். அப்பா உள்ளே வந்து கைகட்டி நின்றார். அவரிடம் ஜட்ஜ் சத்தம் போடவில்லை.

"உன் மகள் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாள் தெரியுமா? நீதான் அவளிடம் சொன்னாய். இப்போது நீயே சொல்."

அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. வீட்டில் பேசாமல் இருப்பாரே, அந்த மாதிரி இல்லை இது.

"நான் சொன்னது பொய்ம்மா" என்றார். "நீ பேர் சொன்னதுக்கு யாரும் என்னை ஜெயில்ல போட மாட்டாங்க. நீ சொல்லலைன்னா தம்பி இல்லை. நீ செஞ்சது சரி."

அப்பா பொய் சொன்னதற்கு ஜட்ஜ் அவரைக் கண்டித்தார், அதோடு விட்டார் என்று அம்மா பின்னாளில் சொன்னாள். நாங்கள் இருவரும் அம்மாவிடம் என்று உத்தரவாயிற்று. ஞாயிற்றுக்கிழமை பகலில் அப்பாவிடம். விவாகரத்து கிடைக்க அதற்கப்புறமும் வருஷங்கள் ஆயின. அம்மாவைப் பற்றிக் கேள்விப்பட்டது வெறும் வாய்ப்பேச்சு என்று அப்பாவே ஒப்புக்கொண்டது அதற்கும் பிறகு. அப்போது ஒட்ட வைக்க ஒன்றும் மிச்சமில்லை.

அந்த முதல் ஞாயிற்றுக்கிழமையைச் சொல்லி முடிக்கிறேன். அப்பா மீன் குழம்பு வைத்தார், காரம் கூடிவிட்டது. தம்பிக்குக் காகிதக் கப்பல் செய்து கொடுத்தார். சாயங்கால ஃபெரியில் அம்மா வந்து எங்களைக் கூட்டிப்போக வேண்டும். வெயில் சாயுமுன்பே அப்பா எங்களை ஜெட்டிக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். போட் இன்னும் அக்கரையை விட்டே கிளம்பியிருக்காது.

"நேரம் இருக்கேப்பா" என்றேன்.

"இருக்கட்டும். லேட்டாச்சுன்னா அடுத்த வாரம் அனுப்ப மாட்டாங்க."

ஒரு கையில் என்னையும் ஒரு கையில் தம்பியையும் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தக் கை ஈரமாக இருந்தது. ஒளிந்திருந்த காலம் முழுக்க என் கை எப்படி இருந்ததோ, அப்படி. பயம் சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

"பயமா இருக்காப்பா?"

அவர் கடலைப் பார்த்தபடி, "ஆமாம்மா" என்றார்.

நான் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன். சாத்தம் பக்கமிருந்து போட் வந்தது. முன்பக்கத்தில் அம்மா நிற்பது தெரிந்தது. போட் நெருங்கி, கயிற்றை வீசினார்கள். அப்பா முதலில் தம்பியின் கையையும், பிறகு என் கையையும் அவராகவே விட்டுவிட்டு இரண்டடி பின்னால் போய் நின்றார்.